பின்பனிக் காலத்து வெண்பனிப் புயல்கள்: அவற்றை முன்னறிவதில் உள்ள இடர்ப்பாடுகள்

நம் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மாசி, பங்குனி ஆகிய இரு திங்களையும் பின்பனிக் காலம் என வழங்கினர். தமிழ்நாட்டில் இக்காலம், பகலில் வெயில் ஏறத் தொடங்கி, வைகறையில் மட்டும் சிறிது குளிர் நிற்கும் காலமாகும். ஆனால் இதே வாரங்களில், நாட்டின் வடகோடியிலுள்ள காஷ்மீரம், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய மலைப் பிரதேசங்களில் கடுமையான வெண்பனிப் புயல்கள் வீசுவதுண்டு. குளிர்காலம் கழிந்துவிட்டது என்று மக்கள் எண்ணத் தொடங்கும் வேளையில் அவை வந்து சேருகின்றன.

1979-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இமாசலப் பிரதேசத்தின் லாஹுல் பகுதியில், பெருத்த பனிப்பொழிவைத் தொடர்ந்து நேர்ந்த பனிச்சரிவுகளில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் பிற்பாதியில், காஷ்மீரத்தின் தென்பகுதியிலுள்ள வால்டெங்கு நார் என்னும் சிற்றூரின்மீது பனி சரிந்து 150-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், உத்தராகண்டத்தில் பத்ரிநாத்தை அடுத்துள்ள மாணா என்னும் ஊரின் அருகே, சாலையிலிருந்து பனியை அகற்றும் பணிக்காகத் தங்கியிருந்த 54 தொழிலாளர் பனிச்சரிவில் அகப்பட்டனர். 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர். இம்மூன்று நிகழ்ச்சிகளும் பின்பனிக் காலத்தில் நேர்ந்தவை.

இத்தகைய புயல்களை முன்கூட்டியே அறிந்து கூறுதல் எவ்வளவு தூரம் இயலும், எவ்விடத்தில் அது கடினமாகிறது, அக்கடினத்திற்குக் காரணம் யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனி என்னும் சொல்

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். தமிழில் பனி என்னும் ஒரே சொல் பல பொருள்களைக் குறிக்கின்றது. புல்நுனியில் திரளும் நீர்த்துளியும் பனியே. காலையில் வழியை மறைக்கும் மூடுபனியும் பனியே. உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியின்மேல் வெள்ளையாகப் படிந்து காணப்படுவது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதன்று. இரவில் நிலம் குளிரும்போது, அதனை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி நேரே பனிக்கட்டியாகிப் புல்லின்மேல் படிவதால் அது உண்டாகிறது.

இக்கட்டுரையில் வெண்பனி என்று குறிப்பது இவற்றினின்றும் வேறானது. மேகத்தினுள் நீராவி உறைந்து ஆறு கோணங்களையுடைய நுண்ணிய படிகங்களாகி, அவை ஒன்றோடொன்று பற்றிப் பஞ்சு போன்ற திரள்களாக நிலத்தில் விழுவதே வெண்பனியாகும். உறைபனியை முன்னறிவதற்கு நிலத்தை ஒட்டிய காற்றின் நிலையை அறிதல் பெரும்பாலும் போதும். வெண்பனியை முன்னறிவதற்கோ, நிலத்திலிருந்து மேகத்தின் உச்சி வரையிலும் பல கிலோமீட்டர் உயரத்திற்குக் காற்றின் நிலையை அறிய வேண்டும்.

மேற்கிலிருந்து வரும் இடையூறுகள்

நமக்குப் பழக்கமான புயல், வங்கக் கடலின் வெதுவெதுப்பான நீரிலிருந்து வலிமை பெற்று, கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வருவது. இமயமலையில் வெண்பனியைக் கொணரும் அமைப்பு முற்றிலும் வேறு வகையினது. அது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வது. மத்தியதரைக் கடல், கருங்கடல், காஸ்பியன் கடல் ஆகியவற்றைச் சார்ந்த பிரதேசங்களில் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து நம் நாட்டை அடைகின்றது. இதனை வானிலை அறிஞர் மேற்கத்திய இடையூறு என்பர். கடலின் வெப்பத்தினால் மட்டும் இஃது இயங்குவதில்லை. வடக்கே குளிர்ந்த காற்றும் தெற்கே வெப்பமான காற்றும் அடுத்தடுத்து இருப்பதனால் தோன்றும் வேறுபாடும், உயரத்தில் மிகு வேகத்துடன் வீசும் மேற்குக் காற்றோட்டமும் இதற்கு ஆற்றல் அளிக்கின்றன.

குளிர்காலத்தில் மாதம் ஒன்றுக்குச் சராசரியாக நான்கு முதல் ஆறு இடையூறுகள் வருகின்றன. அவற்றுட் பல சிறிது மேகத்தையும் தூறலையும் தந்து மறையும். சில மட்டுமே அரபிக் கடலிலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மலையில் மோதிப் பெரும் பொழிவைத் தருகின்றன. இவ்விடையூறுகளின் இயல்பை ஆராய்ந்த இந்திய விஞ்ஞானிகளுள் பி. ஆர். பிஷாரொட்டி, பி. என். தேசாய் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர். 1956-ஆம் ஆண்டில் இவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இத்துறையில் அடிப்படையான ஒன்றாகக் கருதப்படுகிறது.

இவ்விடையூறுகள் நம் மலைநாட்டிற்குத் தீமையே செய்பவை என்று எண்ணுதல் பொருந்தாது. குளிர்காலத்தில் மலையில் சேரும் வெண்பனி, கோடையில் உருகி ஆறுகளில் நீராகின்றது. இவை தரும் மழை சமவெளியில் கோதுமைப் பயிருக்கு உதவுகின்றது. ஆகவே இவற்றை முன்னறிதல் ஆபத்தைத் தவிர்ப்பதற்கு மட்டுமன்றி, நீர் நிருவாகத்திற்கும் வேளாண்மைக்கும் தேவையாகும்.

ஒரு வெண்பனிப் புயலை முன்னறிய வேண்டுமாயின் நான்கு வினாக்களுக்கு விடை காண வேண்டும். புயல் எப்போது, எங்கே வரும்? விழுவது மழையா, வெண்பனியா? எவ்வளவு விழும்? விழுந்த பின்னர் என்ன நேரும்? ஒவ்வொரு விடையும் அதற்கு முந்தைய விடையைச் சார்ந்து நிற்கின்றது. முதலில் நேரும் சிறு பிழை, பின்னர் வரும் விடைகளில் பெரும் பிழையாகலாம்.

முதல் வினா: எப்போது, எங்கே?

இவ்வினாவிற்கு இன்று பெரும்பாலும் நல்ல விடை கிடைக்கின்றது. செயற்கைக் கோள்கள் இடையூறு மத்தியதரைக் கடலருகே இருக்கும்போதே அதனைக் காட்டிவிடுகின்றன. கணிப்பொறிகள் காற்றின் இயக்கச் சமன்பாடுகளைத் தீர்த்து, வருநாட்களில் அது செல்லும் வழியைக் கணக்கிடுகின்றன. வலிமையான இடையூறு ஒன்று வருகின்றது என்பதனை நான்கைந்து நாட்களுக்கு முன்பே கூறுதல் இயலுகின்றது.

எனினும் அதன் நேரத்தைத் துல்லியமாகக் கூறுதல் கடினம். மணிக்கு 35 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் ஓர் இடையூறு ஆறு மணி நேரம் தாமதித்தால், அதன் இருப்பிடம் 200 கிலோமீட்டருக்கும் மேல் மாறிவிடும். ஜனவரி மாதத்தில் இத்தாமதத்தால் பெருந்தீங்கு இல்லை; பகலில் வந்தாலும் இரவில் வந்தாலும் மலையில் கடுங்குளிர் நிலவுவதால் வெண்பனியே விழும். மார்ச்சு மாதத்தில் நிலைமை வேறு. ஸ்ரீநகரத்தில் டிசம்பர் மாத இறுதியில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 33 பாகை உயரத்திலேயே நிற்கின்றது. மார்ச்சு மாத இறுதியிலோ 56 பாகைக்கு மேல் ஏறிவிடுகின்றது. நிலம் வெதுவெதுப்படைகின்றது. அப்போது பிற்பகலில் வரும் புயல் மழையாகவும், அதுவே நள்ளிரவில் வந்தால் வெண்பனியாகவும் பெய்யக்கூடும். ஆகவே பின்பனிக் காலத்தில் நேரத்தைப் பற்றிய பிழை, பொழிவின் வகையைப் பற்றிய பிழையாக மாறிவிடுகின்றது.

நேரத்தைத் துல்லியமாக அறிய முடியாமைக்குக் காரணம், தொடக்க நிலையை நாம் முழுமையாக அறியாமையே. காற்றின் மேனிலையை அளக்கும் பலூன்கள் வழக்கமாக நாளொன்றுக்கு இருமுறை, நம் நேரப்படி காலை 5-30 மணி, மாலை 5-30 மணி ஆகிய வேளைகளுக்கான அளவீடுகளைத் தருகின்றன. இடையூறு கடந்து வரும் மலைகளிலும் பாலைகளிலும் அத்தகைய நிலையங்கள் மிகக் குறைவு. தொடக்கத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு நாளடைவில் பெருகி முற்றிலும் வேறான முடிவைத் தரக்கூடும் என்பதனை அமெரிக்க விஞ்ஞானி எட்வர்டு லாரன்ஸ் 1963-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

இரண்டாம் வினா: மழையா, வெண்பனியா?

பின்பனிக் காலத்து முன்னறிவிப்பின் மிகக் கடினமான பகுதி இதுவே. மேகத்தின் மேற்பகுதியில் உண்டாவது பெரும்பாலும் வெண்பனியே. அது கீழே இறங்கும்போது, வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காற்றினுள் புகுந்தால் உருகத் தொடங்கும். வெப்பநிலை 0 டிகிரியாக உள்ள உயரத்தை உறைமட்டம் என்பர். உறைமட்டத்திற்குக் கீழே சில நூறு மீட்டர் வரையிலும் வெண்பனி உருகாமல் வரலாம். அதற்கும் கீழே மழைதான் விழும்.

காற்றில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறுந்தோறும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகின்றது. ஆகவே வெப்பநிலைக் கணிப்பில் 2 டிகிரி பிழை நேர்ந்தால், உறைமட்டம் ஏறத்தாழ 300 மீட்டர் மாறிவிடும். 2 டிகிரி என்பது அன்றாட முன்னறிவிப்பில் யாரும் குறை கூறாத சிறு பிழை. மலைநாட்டில் 300 மீட்டர் என்பதோ ஓர் ஊருக்கும் அதற்கு மேலுள்ள ஊருக்கும் இடைப்பட்ட உயரமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஸ்ரீநகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர் உயரத்திலும், சிம்லா சுமார் 2,200 மீட்டர் உயரத்திலும், குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மூன்று இடங்களின் மேலும் உறைமட்டம் 2,400 மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். அந்நிலையில் குல்மார்க்கில் வெண்பனி குவியும். சிம்லாவில் மழையும் பனியும் கலந்து விழும். ஸ்ரீநகரத்தில் மழை பெய்யும். காற்று 5 டிகிரி குளிர்ந்தால் உறைமட்டம் 750 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, மூன்று இடங்களிலும் வெண்பனி விழும். நடுக்குளிர்காலத்தில் உறைமட்டம் பெரும்பாலும் இவ்வூர்களுக்குக் கீழேயே இருப்பதால் இவ்வினா எழுவது குறைவு. பின்பனிக் காலத்திலோ, மக்கள் மிகுதியாக வாழும் உயரத்திலேயே உறைமட்டம் ஏறியும் இறங்கியும் அலைகின்றது.

மேலும் உறைமட்டம் புயலின்போது ஓரிடத்தில் நில்லாது. பொழிவே அதனை மாற்றுகின்றது. இது இரு வழிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, ஆவியாதல். காற்று வறண்டிருந்தால் விழும் துளிகளில் ஒரு பகுதி ஆவியாகும்; அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே கவர்வதால் காற்று குளிர்கின்றது. எவ்வளவு குளிரும் என்பதை ஈரக்குமிழ் வெப்பமானி காட்டும். மலையூர் ஒன்றில் வெப்பநிலை 4 டிகிரி என்க. ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதமாயின் ஈரக்குமிழ் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். அங்கு மழையையே எதிர்பார்க்கலாம். அதே 4 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதமாயின் ஈரக்குமிழ் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே காட்டும். அங்குத் தூறலாகத் தொடங்குவது சிறிது நேரத்தில் வெண்பனியாக மாறலாம். சாதாரண வெப்பமானியை மட்டும் நோக்குபவர் இரண்டிற்கும் வேறுபாடு காணார்.

இரண்டாவது, உருகுதல். ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் தேவை. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 10 மில்லிமீட்டர் நீருக்குச் சமமான வெண்பனி, அதாவது 10 கிலோகிராம், இறங்கும் வழியில் முழுவதும் உருகுவதாகக் கொள்வோம். அது காற்றிலிருந்து 8 லட்சம் கலோரி வெப்பத்தைக் கவரும். அவ்வுயரத்தில் ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள காற்றுத்தூணின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். அதனை 1 டிகிரி குளிர்விக்க 2.4 லட்சம் கலோரியை நீக்கினால் போதும். எனவே அக்காற்று 3 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். குறுகிய பள்ளத்தாக்கில், வெளிக்காற்று எளிதில் புகாத இடத்தில், இவ்விளைவு மிகுதியாகத் தோன்றும். பொழிவு வன்மையாக இருந்தால் உறைமட்டம் சில மணி நேரத்தில் பள்ளத்தாக்கின் அடி வரை இறங்கிவிடக்கூடும். மென்மையாக இருந்தால் இறங்காது. ஆகவே பொழிவின் அளவைத் தவறாகக் கணித்தவர் அதன் வகையையும் தவறாகக் கணிக்க நேரிடும்.

இவ்விடர்ப்பாடு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நோக்கு நிலையங்களும் ராடார்களும் நிறைந்த நாடுகளிலும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் அமெரிக்காவின் கீழ்க்கரையில் பெரும் புயல் ஒன்று வந்தது. நியூயார்க் நகரில் 18 முதல் 24 அங்குலம், அதாவது ஏறக்குறைய 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை, வெண்பனி விழலாமென்று முன்னறிவிக்கப்பட்டது. புயல் வந்தது, நேரமும் தவறவில்லை. ஆனால் கடலிலிருந்து வந்த சற்றே வெப்பமான காற்று நகரின்மேல் புகுந்தமையால் வெண்பனி, பனித்துகள் கலந்த மழையாக மாறிற்று. நகரின் நடுவேயுள்ள சென்ட்ரல் பூங்கா நிலையத்தில் 7.6 அங்குலமே, அதாவது 19 சென்டிமீட்டரே, பதிவாயிற்று. உள்நாட்டில் சிறிது தொலைவு தள்ளியுள்ள இடங்களிலோ வெண்பனி பெருமளவில் குவிந்தது. முன்னறிவிப்பு பொய்த்ததாக நகரமக்கள் கருதினர். உண்மையில் பிறழ்ந்தது மழையையும் பனியையும் பிரிக்கும் எல்லைக்கோடு மட்டுமே. அந்நகரில் அக்கோடு நிலப்படத்தின்மேல் கிடந்தது. நம் இமயமலையில் அது மலைச்சரிவின்மேல் உயரக்கோடாக நிற்கின்றது.

மூன்றாம் வினா: எவ்வளவு?

வெண்பனியின் அளவை இருவகையாகக் கூறலாம். ஒன்று, நிலத்தின்மேல் அது குவிந்துள்ள ஆழம். மற்றொன்று, அதனை உருக்கினால் கிடைக்கும் நீரின் அளவு. ஒரு பங்கு நீர் பத்துப் பங்கு ஆழமுள்ள வெண்பனியாகும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பு. ஆனால் ஈரமான வெண்பனியில் இது ஐந்து அல்லது ஆறு பங்காகக் குறையும். கடுங்குளிரில் விழும் உலர்ந்த வெண்பனியில் பதினைந்து, இருபது பங்காகவும் உயரும். 30 மில்லிமீட்டர் நீர் என்று சரியாகவே கணித்தாலும், அது 18 சென்டிமீட்டர் ஆழமாகவும் இருக்கலாம், 45 சென்டிமீட்டர் ஆழமாகவும் இருக்கலாம்.

ஆழம் குறைந்ததென்று ஆறுதல் கொள்ளலாகாது. இரண்டின் எடையும் ஒன்றே. சதுர மீட்டருக்கு 30 கிலோகிராம். 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மேல் அது 3,000 கிலோகிராம் சுமையாகும். அன்றியும் ஈரமான வெண்பனி மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த வெண்பனி காற்றில் உதிர்ந்துவிடும். பின்பனிக் காலத்தில் விழுவது பெரும்பாலும் ஈரமானது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் மிகுகின்றது. ஆதலால் இக்காலத்துப் புயல்கள் அதிக நீரைச் சுமந்து வரக்கூடியவை.

மலையும் கணக்கை மாற்றுகின்றது. ஈரக்காற்று பீர்பாஞ்சால் மலைத்தொடரின் தென்மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மிகுதியாகப் பொழிகின்றது. பல தொடர்களைக் கடந்து லடாக்கை அடையும்போது அதில் ஈரம் மிகக் குறைந்துவிடுகின்றது. ஒரே பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் பொழிவு வேறுபடும். கணிப்பொறியில் காற்றுமண்டலம் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகின்றது. கட்டம் 12 கிலோமீட்டர் பக்கமுடையதாயின், அதனுள் ஆற்றங்கரையும் இருக்கும், அதனினும் 2,000 மீட்டர் உயர்ந்த சிகரமும் இருக்கும். கணிப்பொறியோ முழுக் கட்டத்திற்கும் ஒரே உயரத்தைக் கொள்கின்றது. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை 6 கிலோமீட்டர் கட்டங்களையுடைய பாரத் முன்னறிவிப்பு முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. இது பெரிய முன்னேற்றம். எனினும் குறுகிய மலையிடுக்குகள் 6 கிலோமீட்டரினும் சிறியவை.

ராடார் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றது. இமாசலப் பிரதேசத்தின் குஃப்ரியிலும் உத்தராகண்டத்தின் முக்தேஸ்வரத்திலும் 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் டாப்ளர் ராடார்கள் இயங்கத் தொடங்கின. ஆனால் ராடாரின் கதிர் நேர்கோட்டை ஒட்டிச் செல்வது. மலை குறுக்கிட்டால் அதற்கு அப்பால் காணாது. தடையில்லாத இடத்திலும், அரைப் பாகை சாய்வில் செலுத்தப்படும் கதிர் 100 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் செல்லும். அங்கு அது காண்பது வெண்பனியாக இருக்கலாம். அடியில் நிலத்தை அடைவது மழையாக இருக்கலாம்.

நான்காம் வினா: விழுந்த பின்னர் என்ன நேரும்?

உயிரிழப்புகளிற் பல வெண்பனி விழுவதனால் அன்று, விழுந்த பனி சரிவதனால் நேர்கின்றன. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள மலைப்பக்கங்களில் தொடங்குகின்றன. குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பனியில் சில அடுக்குகள் உறுதியாகவும், சில அடுக்குகள் சர்க்கரைத் துகள் போன்று பிடிப்பின்றியும் இருக்கும். பின்பனிக் காலத்தில் இவற்றின்மேல் புதிய ஈரப்பனியின் சுமை ஏறுகின்றது. வெயிலில் உருகும் நீர் அடுக்குகளுக்கிடையே கசிந்து பிடிப்பைக் குறைக்கின்றது. உறைமட்டம் உயர்ந்து பனியின்மேல் மழை பெய்தால் ஆபத்து மேலும் மிகும்.

இதனை ஆராய்வதற்கென்றே 1969-ஆம் ஆண்டில் மணாலியில் பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் அது பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பகுதியாயிற்று. மாணா விபத்துக்கு முந்தைய நாள் மாலையில், சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை இந்நிறுவனத்தாரால் விடுக்கப்பட்டிருந்தது. ஆகவே ஆபத்து முன்னறியப்படாத ஒன்றன்று. ஆனால் எச்சரிக்கை கூறுவது மாவட்டத்தையும் உயரத்தையும் கால எல்லையையும். பனி சரிவதோ ஒரு குறிப்பிட்ட சரிவில், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை இன்றைய விஞ்ஞானத்தால் முற்றிலும் கடக்க இயலவில்லை. எச்சரிக்கையைப் பெறுபவர் தம் இடத்தைத் தாமே சீர்தூக்கி நோக்கி முன்னெச்சரிக்கையாக நடந்துகொள்வதனால்தான் அத்தூரம் குறையும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

முன்னறிவிப்பில் வரும் சொற்கள் வழக்குச் சொற்கள் போலத் தோன்றினும் வரையறுத்த பொருளுடையவை. ஓரிரு இடங்களில் என்றால், அப்பகுதியிலுள்ள நிலையங்களில் 25 சதவீதம் வரையிலும் பொழிவு இருக்கும் என்பது பொருள். சில இடங்களில் என்றால் 26 முதல் 50 சதவீதம்; பல இடங்களில் என்றால் 51 முதல் 75 சதவீதம்; பெரும்பாலான இடங்களில் என்றால் 76 சதவீதத்திற்கு மேல். எனவே ஓரிரு இடங்களில் பலத்த வெண்பனி என்று அறிவித்த நாளில், நம் ஊரில் வானம் தெளிந்திருந்தமை கொண்டு அறிவிப்பு பொய்த்தது என்று கூறுதல் தவறாகும்.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. பச்சை என்பது எந்நடவடிக்கையும் தேவையில்லை என்பதையும், மஞ்சள் என்பது நிலைமையைக் கவனித்து வர வேண்டும் என்பதையும், ஆரஞ்சு என்பது ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும், சிவப்பு என்பது உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதையும் உணர்த்தும்.

ஒரே கணிப்பை நம்பாமல், தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளை ஒருங்கே செய்து பார்க்கும் முறையும் வழக்கத்திற்கு வந்துள்ளது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தகைய முறையில் 21 கணிப்புகள் செய்யப்பட்டன. எல்லாக் கணிப்புகளும் ஒன்றையே கூறினால் உறுதி மிகுதி. பாதி மழை என்றும் பாதி வெண்பனி என்றும் கூறினால், எல்லைக்கோடு அங்கே அலைகின்றது என்பது பொருள். அந்நிலையில் ஐயத்தை வெளிப்படையாகக் கூறும் அறிவிப்பே நேர்மையானது.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

மலைப் பிரதேசங்களில் பணியாற்றும் களப்பணியாளர், முன்னறிவிப்பில் வெண்பனி என்னும் சொல்லை மட்டும் நோக்காமல், எவ்வுயரத்திற்கு மேல், எந்நேரத்தில் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். உலர் வெப்பமானியுடன் ஈரக்குமிழ் வெப்பமானியையும் படித்தல் வேண்டும். மழை எப்போது வெண்பனியாக மாறிற்று என்னும் நேரத்தைப் பதிவு செய்தல் மிக்க பயனுடையது. பிற கருவிகளால் எளிதில் பெற முடியாத செய்தி அது. விழுந்த வெண்பனியின் ஆழத்தை, காற்று குவிக்காத சமதளத்தில் அளவுகோலால் பல இடங்களில் அளந்து சராசரி காண வேண்டும். மழைமானியில் சேர்ந்த பனியை அறிய, அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கி, மொத்த நீரிலிருந்து ஊற்றிய அளவைக் கழிக்க வேண்டும். ஆழமும் நீரளவும் இரண்டும் இருந்தால்தான் பனியின் அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிந்தால்தான் கூரையின் சுமையையும் சரிவின் ஆபத்தையும் மதிப்பிட முடியும்.

வெண்பனியைக் கண்ணாற் காணாத ஊர்களிலுள்ள ஆசிரியரும் இதன் அடிப்படையை வகுப்பறையில் காட்டலாம். ஒரேவகை வெப்பமானிகள் இரண்டினை எடுத்து, ஒன்றன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, இரண்டையும் விசிறியின் முன் வைக்க வேண்டும். சில நிமிடங்களில் ஈரக்குமிழ் தாழ்ந்து காட்டும். வறண்ட நாளில் இவ்வேறுபாடு மிகுதியாகவும், மழை நாளில் சொற்பமாகவும் இருப்பதை மாணவர் தாமே குறித்துக்கொள்ளட்டும். அடுத்து, ஒரு குவளை நீரில் பனிக்கட்டித் துண்டுகளை இட்டுக் கலக்கி வந்தால், துண்டுகள் உருகுந்தோறும் நீரின் வெப்பநிலை இறங்குவதைக் காணலாம். இமயத்தின் பள்ளத்தாக்கில் உறைமட்டத்தைக் கீழே இழுப்பது இவ்விரு விளைவுகளே.

பின்பனிக் காலத்துப் புயல் வரும் நாளை இன்று பெரும்பாலும் அறிய முடிகின்றது. ஓரிரு டிகிரி வேறுபாட்டில் மழை பனியாக மாறும் உயரத்தையும், அது மாறும் மணியையும் அறிவதிலேதான் இடர்ப்பாடு தங்கியுள்ளது. அதனைக் குறைப்பதற்குக் கணிப்பொறியும் ராடாரும் செய்யும் பணியோடு, மலைமேல் ஒரு நோக்கர் நாள்தோறும் தவறாமல் எழுதிவரும் இரண்டு வெப்பமானிகளின் அளவுகளும் இன்றியமையாதவை. அடுத்த புயலின் முன்னறிவிப்பு, இப்புயலின்போது அவர் எழுதிய குறிப்பிலிருந்தும் செம்மை பெறுகின்றது.